காவடிப் பதிவேட்டுக்கு எது தோது: லூப்பா, லிங்க்கா, ஸ்ட்ரீமா?

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. பத்து நாள் முன்பே கோயிலில் கொடியேறிவிடும், விரதமும் தொடங்கிவிடும். அதற்குள் யார் காவடி எடுக்கிறார்கள், யார் பால்குடம், எந்த ஊர், கூட எத்தனை பேர் வருகிறார்கள் என்ற பட்டியல் குருக்கள் கைக்கும் மடப்பள்ளிக்கும் போய்ச் சேர வேண்டும். வாழையிலையில் ஏழு கறி வைத்துப் பரிமாறுகிற ஊர் இது. தலைக்கணக்கு தப்பினால் பந்தியில் தெரிந்துவிடும்.

நான் பகலில் எபேன் சைபர் சிட்டியில் சி ஷார்ப் என்ற நிரல்மொழியில் எழுதுகிறவன். காத்ர் போர்ன் பக்கம் ஒரு கோயிலின் பதிவேட்டு நிரலை மூன்று வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வருடம் ஜாவா படித்த ஒரு பெண்ணும் உதவிக்கு வந்தாள். ரோஸ் ஹில்லில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் கிரியோல், பள்ளியில் தமிழ். ஒரே வேலையை, ஒவ்வொரு பதிவாக எடுத்துப் பார்க்கும் லூப்பிலும், தரவைக் கேள்வி கேட்க சி ஷார்ப்பில் இருக்கும் லிங்க்கிலும், அதற்கு இணையாக ஜாவாவில் இருக்கும் ஸ்ட்ரீமிலும் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

வேலை இதுதான்: பதிவு செய்தவர்களில் காவடி எடுப்பவர்களை மட்டும் எடுக்க வேண்டும், ஊர்வாரியாகப் பிரித்து எண்ண வேண்டும், அதிகம் பேர் வரும் ஊரை முதலில் போட வேண்டும்.

பழைய நிரலில் இது ஃபார்ஈச் லூப்பாக இருந்தது. முதலில், ஊருக்கு நேரே எண்ணிக்கையை வைக்க ஒரு காலி டிக்ஷனரி. ஒவ்வொரு பதிவாக எடுத்து, காவடியா என்று ஒரு இஃப். அதற்குள், இந்த ஊர் டிக்ஷனரியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று இன்னொரு இஃப். இருந்தால் ஒன்று கூட்டு, இல்லாவிட்டால் ஒன்று என்று போடு. லூப் முடிந்ததும் டிக்ஷனரியை லிஸ்ட்டாக மாற்றி, இரண்டு ஊரை ஒப்பிடும் மெத்தட் (பெயர் வைத்த நிரல்துண்டு) ஒன்று எழுதி, அடுக்கு. மொத்தம் பதினெட்டு வரி. தப்பு எதுவும் இல்லை, ஒழுங்காக ஓடியது. ஆனால் ஆறு மாதம் கழித்துத் திறந்தால், பதினெட்டு வரியையும் படித்த பிறகுதான் “ஓ, ஊர்வாரிக் கணக்கா” என்று புரியும்.

அதே வேலை லிங்க்கில் நாலு மெத்தட். வேர் (ஆங்கில ‘எங்கே’) போட்டுக் காவடிக்காரர்களை வடிகட்டு, குரூப்-பை போட்டு ஊர்வாரியாகப் பிரி, செலக்ட் போட்டு ஊரையும் எண்ணிக்கையையும் எடு, ஆர்டர்பைடிசெண்டிங் போட்டு அடுக்கு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு லாம்டா, அதாவது பெயர் வைக்காமல் அங்கேயே எழுதும் குட்டி மெத்தட். படிக்கும்போதே வேலை புரிகிறது. லிங்க் 2007 நவம்பரில், சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 3.5-உடன், சி ஷார்ப் 3.0-இன் பகுதியாக வந்தது. லாம்டா, எக்ஸ்டென்ஷன் மெத்தட், வார், பெயரில்லா டைப் எல்லாம் அந்தப் பதிப்பில்தான் சேர்ந்தன. தனித்தனி வசதிகள் மாதிரித் தெரியும். லிங்க் ஓட அத்தனையும் தேவைப்பட்டன. பெயர்கள் மட்டும், டேட்டாபேஸைக் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் பக்கம் சாய்ந்தவை. மற்ற மொழிகளில் மேப் என்பது இங்கே செலக்ட், ஃபில்டர் என்பது வேர், ரெட்யூஸ் என்பது அக்ரிகேட். டேட்டாபேஸ் தெரிந்தவருக்கு இது வசதி. அந்த மற்றப் பெயர்களில் பழகிய ஃபங்ஷனல் மொழியிலிருந்து வருகிறவர் இரண்டு நாள் தடுமாறுவார்.

லிங்க்கை எழுத இரண்டு வடிவம் உண்டு. மேலே சொன்னது புள்ளி வைத்துச் சங்கிலியாக எழுதுவது. இன்னொன்று க்வெரி (கேள்வி) வடிவம்: ஃப்ரம், வேர், குரூப் என்று எஸ்க்யூஎல் சாயலில் போகும். எஸ்க்யூஎல்லில் செலக்ட் முதலில் வரும், இதில் ஃப்ரம் முதலில், செலக்ட் கடைசியில். எந்தத் தரவு என்று முன்னாலேயே தெரிந்தால்தான் எடிட்டரால் அடுத்த சொல்லைக் காட்ட முடியும் என்பதற்காக அப்படி வைத்தார்கள். எனக்கோ அது தமிழ் வாக்கியம் மாதிரியே படுகிறது. “பதிவேட்டிலிருந்து, காவடி எடுப்பவர்களின், பெயரை எடு” என்று வினையைக் கடைசியில் வைத்துத்தானே நாமும் பேசுகிறோம்? அந்தப் பெண்ணுக்கு இந்த வடிவம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நான் இரண்டு இடத்தில் அதைத்தான் எடுக்கிறேன்: இரண்டு பட்டியலை ஜாயின் செய்யும்போதும், லெட் போட்டு நடுவில் ஒரு கணக்கை வைத்துக்கொள்ள வேண்டியபோதும். ஜாயினைச் சங்கிலியில் எழுதினால் லாம்டாவுக்குள் லாம்டாவாகக் கண்ணைச் சுற்றும். மற்ற இடங்களில் சங்கிலிதான் நல்லது. கவுன்ட், டேக், டிஸ்டிங்க்ட் எதற்கும் சி ஷார்ப்பின் க்வெரி வடிவத்தில் சொல் கிடையாது. முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போட்டுக் கடைசியில் புள்ளி வைக்க வேண்டிவரும். பாதி அது, பாதி இது என்று ஆகிவிடும்.

சரி, ஜாவா. லாம்டாவும் ஸ்ட்ரீமும் 2014 மார்ச்சில் ஜாவா 8-இல் வந்தன. அவள் எழுதியது ஃபில்டர், பிறகு கலெக்ட், அதற்குள் கலெக்டர்ஸின் க்ரூப்பிங்பை, அதற்குள் கவுன்ட்டிங். அதிலிருந்து ஒரு மேப் கிடைக்கிறது (ஜாவாவில் டிக்ஷனரிக்கு அதுதான் பெயர்). அடுக்க வேண்டுமென்றால் அந்த மேப்பைத் திறந்து மறுபடி ஒரு ஸ்ட்ரீம் தொடங்க வேண்டும். சி ஷார்ப்பில் குரூப்-பையிலிருந்து வருவதும் ஒரு வரிசைதான் என்பதால் சங்கிலி அறுவதில்லை. கூட்டுத்தொகை போடவும் ஜாவாவில் மேப்டூஇன்ட் என்ற இன்னொரு மெத்தட் வழியாகச் சுற்றிப் போகவேண்டும். செக்ட் எக்ஸெப்ஷன் (கையாண்டே ஆக வேண்டும் என்று ஜாவா வற்புறுத்தும் பிழை) வீசும் மெத்தடை லாம்டாவுக்குள் வைத்தால் ட்ரை, கேட்ச் என்று அழகே போய்விடும். எழுதும் சுகத்தில் லிங்க் ஒரு படி மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் ஸ்ட்ரீம் என்னைக் காப்பாற்றியிருக்கும்.

போன வருடம் நடந்தது இது. காவடிக்காரர்கள் யார் என்ற க்வெரியை ஒரு வேரியபிளில் வைத்திருந்தேன். தலைப்பில் எண்ணிக்கை போட அதன்மேல் கவுன்ட். கீழே பெயர்களை அச்சடிக்க அதையே ஃபார்ஈச்சில் ஓட்டினேன். பட்டியல் கைக்குப் போனதும் குருக்கள் கூப்பிட்டார். “தம்பி, மேல இருநூத்திப் பன்னெண்டுன்னு போட்டிருக்கு. பேரை எண்ணினா ஒண்ணு கூட வருதேப்பா?” அரை மணி நேரம் தேடினேன். அந்த வேரியபிளில் பட்டியல் இருந்ததாக நான் நினைத்தது தப்பு. அதில் இருந்தது கேள்வி மட்டும். கவுன்ட் கேட்டபோது ஒரு தடவை டேட்டாபேஸுக்குப் போனது, பெயர் கேட்டபோது மறுபடி போனது. இரண்டுக்கும் நடுவே வாக்வாவிலிருந்து யாரோ ஃபோனில் பதிவு செய்திருக்கிறார்கள்.

லிங்க் இப்படித்தான் வேலை செய்யும். நீங்கள் எழுதும்போது எதுவும் ஓடாது. யாராவது பதிலைக் கேட்கும்போதுதான் ஓடும், கேட்கிற ஒவ்வொரு தடவையும் ஓடும். டூலிஸ்ட் போட்டு ஒரு தடவை இறக்கிவைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. இந்தக் கதையைச் சொன்னபோது அந்தப் பெண் தன் பள்ளித் தமிழில் நிதானமாகச் சொன்னாள்: “அண்ணா, ஜாவாவில் இது நடக்காது. ஸ்ட்ரீமை இரண்டாம் முறை தொட்டால் எக்ஸெப்ஷன் வரும்.” உண்மைதான். ஸ்ட்ரீமும் கேட்டால்தான் ஓடும், ஆனால் ஒரு தடவைதான். அந்தக் கண்டிப்பை நான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

அப்புறம் டேட்டாபேஸ். லிங்க்குக்கும் ஸ்ட்ரீமுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். ஸ்ட்ரீம் ஜாவா நிரலுக்குள் வந்துசேரும் தரவில்தான் ஓடும். டேட்டாபேஸைக் கேட்க ஜாவாவில் ஜேபிக்யூஎல், ஜூக் என்று வேறு வழி பார்க்க வேண்டும். லிங்க்கில் ஐக்வெரியபிள் என்று ஒன்று இருக்கிறது. அதில் லாம்டாவை ஓட்டுவதில்லை. எக்ஸ்பிரஷன் ட்ரீ என்ற மர வடிவில் அப்படியே வைத்துக்கொண்டு, டாட்நெட்டையும் டேட்டாபேஸையும் இணைக்கும் என்டிட்டி ஃப்ரேம்வொர்க் அதை எஸ்க்யூஎல்லாக மாற்றி அனுப்பும். வருடத்தை வைத்து வடிகட்டினால் அந்த வருடப் பதிவு மட்டும் வந்து சேரும்.

இது வரம்தான், ஆனால் எதை மொழிபெயர்க்க முடியும் என்பதற்கு எல்லை உண்டு. இந்தத் தீவில் பிள்ளை என்ற ஒரே பெயரைக்கூட வீட்டுக்கு வீடு வேறு எழுத்துக்கூட்டலில் எழுதுவார்கள். ஒரே ஆள் இரண்டு தடவை பதிந்திருக்கிறாரா என்று பார்க்க, பெயரை ஒருசீராக்கும் மெத்தட் ஒன்று வைத்திருக்கிறேன். மெமரியில் இருக்கும் லிஸ்ட்டின்மேல் வேருக்குள் அதைக் கூப்பிட்டால் ஓடும். டேட்டாபேஸ் க்வெரியில் கூப்பிட்டால், எஸ்க்யூஎல்லுக்கு என் மெத்தட் எப்படித் தெரியும்? 2019-இல் வந்த என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் 3.0 முதல், மொழிபெயர்க்க முடியவில்லை என்று எக்ஸெப்ஷன் வரும். அதற்கு முந்தைய கோர் பதிப்புகள் வாய் திறக்காமல் எல்லாப் பதிவையும் இழுத்துவந்து இந்தப் பக்கம் கணக்குப் போடும். இப்போதைய கண்டிப்பு நூறு மடங்கு மேல். நான் செய்வது: வருடம், காவடியா பால்குடமா என்பதை டேட்டாபேஸிலேயே வடிகட்டி, அதற்குப் பிறகு, மீதி வேலையை மெமரியில் செய் என்று சொல்லும் ஆஸ்இன்யூமரபிள் போட்டு, பெயர் மெத்தடை அதற்குக் கீழே வைப்பது. அந்த ஒரு சொல்லை மேலே வைத்தீர்களானால் எல்லா வருடப் பதிவும் வந்து இறங்கும்.

வேகத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: லூப்தான் கொஞ்சம் வேகம். இருநூறு பெயருக்கு அது தெரியவே தெரியாது.

லூப்பை முழுக்க ஒதுக்கிவிட்டேனா என்றால், இல்லை. விரதம் தொடங்கும் நாளை எல்லாருக்கும் குறுஞ்செய்தியாக அனுப்பும் நிரல் லூப்பில்தான் இருக்கிறது. அங்கே வேலை கேள்வி கேட்பது அல்ல, ஒவ்வொருவருக்கும் ஒன்றைச் செய்வது; ஒருவருக்குப் போகவில்லை என்றால் குறித்துவைத்துவிட்டு அடுத்தவருக்குப் போக வேண்டும். அதை செலக்டுக்குள் ஒளித்துவைத்தால், யாரும் பதில் கேட்காதவரை ஒரு செய்தியும் போகாது. இரண்டு தடவை கேட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு செய்தி போகும். அவளும் ஜாவாவில் இதற்கு ஃபார் லூப்தான் எழுதியிருந்தாள்.

கடைசியில் ஊர்வாரிக் கணக்கு லிங்க் சங்கிலியாகவே நிற்கிறது, முடிவில் டூலிஸ்ட்டுடன். 2024-இல் வந்த டாட்நெட் 9-இல், மெமரியில் இருக்கும் தரவுக்குக் கவுன்ட்பை என்று புதிதாக ஒரு மெத்தட் இருக்கிறது. குரூப்-பையும் செலக்டும் சேர்ந்து செய்வதை அது ஒன்றே செய்துவிடும். கோயில் அலுவலகக் கணினியில் பழைய பதிப்பு இருப்பதால், காவடி முடிந்து கொடி இறங்கிய பிறகு அதை மாற்றலாம் என்று இருவரும் பேசிவைத்திருக்கிறோம்.