ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைப் படம்பிடிக்க எந்த உலோகம்?

வழக்கமான எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உறுப்பின் வடிவத்தைக் காட்டும். அங்கே நடக்கும் வேதிவினையைக் காட்டாது. ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றிகள் மிகுந்து செல்களைத் தாக்குவதே ஆக்சிஜனேற்ற அழுத்தம். அழற்சி கண்ட திசுவில் வெள்ளணுக்கள் அந்தப் பெராக்சைடைச் சுரக்கும்போதே அதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், படம் தெளிவாக வர ஊசி வழியே செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்தே அந்த வினையை உணர வேண்டும்.

மருத்துவமனைகளுக்கு மிகவும் பழகிய உலோகம் காடோலினியம். ஜோடி சேராத ஏழு எலக்ட்ரான்கள் இருப்பதால் படம் பளிச்சென்று வரும். ஆனால் உடலுக்குள் அதன் மின்னூட்டம் மூன்றிலிருந்து மாறாது. ஆக்சிஜனேற்றத்தை அந்த உலோகம் தானாக உணராது. அதனால் ஆய்வாளர்கள் அதைச் சுமக்கும் மூலக்கூறில் செரடோனினைக் கைகள்போல் பொருத்தினார்கள். வெள்ளணுக்களின் மயலோபெராக்சிடேஸ் நொதி அவற்றை ஆக்சிஜனேற்றியதும், மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் அருகிலுள்ள புரதங்களோடும் பிணைந்து அங்கேயே தங்கிவிடும். நுட்பமான வழிதான், ஆனால் அது காட்டுவது அந்த ஒரு நொதியின் வேலையை மட்டுமே. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குத் தோலை இறுக்கும் கொடிய நோயோடு காடோலினியத்துக்குத் தொடர்பிருப்பது 2006இல் தெரியவந்ததையும் மறக்க முடியாது.

மாங்கனீஸ் மின்னூட்டம் மாறும் உலோகம். ஆனால் படத்தில் ஒளிர்வது +2 மின்னூட்ட நிலையில். ஆக்சிஜனேற்றம் அடைந்தால் மங்கும். தேடும் நோயே படத்தை மங்கச் செய்தால் மருத்துவர் எதைப் பார்ப்பார்?

என் தேர்வு இரும்பு. +2 மின்னூட்ட நிலையில் அது படத்தில் ஏறக்குறைய தெரியாது. பெராக்சைடு பட்டு +3 ஆக மாறியதும், ஜோடி சேராத ஐந்து எலக்ட்ரான்களோடு ஒளிரத் தொடங்கும். பாஸ்டனில் உள்ள மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட சோதனையில், இத்தகைய இரும்புச் சேர்மம் கணைய அழற்சி கண்ட எலிகளின் கணையத்தைப் பிரகாசமாக்கியது; நலமான எலிகளில் அப்படி நடக்கவில்லை. விளக்கை நோயே போட்டுக் காட்டுகிறது. இதைவிட நேரான சான்று வேறு என்ன வேண்டும்?

ஆனால் மனித மூளை என்றால் செம்புதான் முன்னே நிற்கிறது. கதிரியக்கச் செம்பைச் சுமக்கும் ஏ.டி.எஸ்.எம். சேர்மம் செல்லுக்குள் எளிதாக நுழையும். ஆக்சிஜனேற்ற அழுத்தத்தோடு தொடர்புள்ள ஒரு நிலை, செல்லில் எலக்ட்ரான்கள் தேங்குவது; அத்தகைய செல்லில் செம்பு எலக்ட்ரானை ஏற்று (ஒடுக்கமடைந்து) சிக்கிக்கொள்ளும். ஜப்பானின் ஃபுகுய் ஆய்வாளர்கள் பார்க்கின்சன் நோயாளிகளை இப்படி, கதிரியக்கப் பொருள் உடலில் சேரும் இடத்தைக் காட்டும் பெட் ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். ஆக்சிஜன் பற்றாக்குறையிலும் செம்பு இதேபோல் சிக்கும் என்பது இதன் பெரிய குறை. எதனால் சிக்கியது என்பதைப் படம் மட்டும் சொல்லாது. அங்கு பயன்பட்ட செம்பு-62இன் அரை ஆயுள் 10 நிமிடத்துக்கும் குறைவு என்பதால் ஸ்கேன் அறைக்கு அருகிலேயே அதைத் தயாரிக்கவும் வேண்டும்.

இத்தனை இடையூறு இருந்தும் மூளைக்குச் செம்பையே சொல்கிறேன். இரத்தத்திலிருந்து பல பொருள்கள் மூளைக்குள் நுழையாமல் காக்கும் இரத்த-மூளைத் தடுப்பு நலமாக இருந்தால், இந்த வகை இரும்புச் சேர்மங்கள் அதைத் தாண்டுவதில்லை. கணையம், குடல் போன்ற உறுப்புகளின் அழற்சிக்கு இரும்பை விரைவில் மனிதர்களிடம் சோதிக்க வேண்டும்.