பழைய வண்டியை கன்சல்டிங்கில் விற்கப் போகிறீர்களா? 1,85,000 ரூபாயை விட்டவன் எழுதுகிறேன்

நேற்று மதியம் ஒரு எஸ்எம்எஸ் வந்தது. பாலக்காடு பக்கம் என் வண்டி அதிவேகமாகப் போனதாம், அபராதம் கட்டச் சொல்கிறது. அந்த வண்டியை நான் விற்று மூன்று மாதம் ஆகப் போகிறது. வரவேண்டிய 1,85,000 ரூபாய் வரவில்லை. அபராதம் மட்டும் வழி தவறாமல் என் பேருக்கு வந்து சேர்கிறது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 1994 மாடல் டாடா மொபைல் 206. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இந்தப் பேரே தெரியாது. 1988-ல் டாடா இறக்கிய பிக்கப் இது. பின்னால் லோடு, முன்னால் கார் மாதிரி கேபின், ஐந்து கியர். 1991-ல் வந்த டாடா சியரா காரை இதை அடிப்படையாக வைத்துத்தான் செய்தார்கள். அப்பா இதை வாங்கியது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கையும் தக்காளியும் ஏற்றிப் போக. ஒவ்வொரு முறை காய் இறக்கியதும் பின்னால் லோடு ஏற்றும் தொட்டியைக் கழுவித் துணியால் துடைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். தக்காளித் தண்ணீர் தேங்கினால் தகரம் சீக்கிரம் போய்விடும் என்பார். இன்ஜின் சிலிண்டரைக் கடைந்து போர் பண்ணியது ஒரே முறைதான். ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் டேஷ்போர்டு டப்பா மூடியின் உள்பக்கம் பெயிண்டால் வரிசையாக எழுதி வைத்திருந்தார். கடைசி நான்கு வரி என் கையெழுத்து.

அப்பா போன பிறகு ஆர்.சி.யை என் பேருக்கு மாற்றினேன். நான் வேலைக்குப் போகிறவன், வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிவிட்டு ஷெட்டில் நிறுத்தி வைப்பதற்கு ஒரு வண்டியா? ஆசையோடு வைத்துக்கொள்கிற ஆள் கையில் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பழைய கார், ஜீப் வாங்கி விற்கும் கன்சல்டிங் கடை ஒன்றைத் தெரிந்தவர் சொன்னார். மெயின் ரோட்டில் பெரிய போர்டு, வாசலில் பத்துப் பன்னிரண்டு வண்டி, உள்ளே சாமி படத்துக்கு மல்லிகைப்பூ.

நான் ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். அந்தக் கடைக்காரர் வண்டி பார்க்க வந்ததும் விலை பேசவில்லை. தரையில் குனிந்து தொட்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். "அண்ணே, வெல்டிங்கே படல, கம்பெனித் தகரம் அப்படியே இருக்கு" என்றார். பிறகு கை துடைக்கத் துணி கேட்டார். துடைத்த பிறகுதான் ஸ்டீயரிங்கைத் தொட்டார். அப்பா எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "இத வாங்குறவன் அழிக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுப்பேண்ணே" என்றார். போதாதா? அந்த நிமிடமே என் புத்தி போய்விட்டது.

விலை 2,10,000 என்று முடிந்தது. கையில் 25,000 கொடுத்தார். மீதி 1,85,000-க்குப் பத்து நாள் தள்ளித் தேதி போட்டு ஒரு செக். கடை லெட்டர்பேடில் பாக்கி எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஆர்.சி.யில் பேர் மாற்றுவதற்கான படிவம் 29, படிவம் 30 எல்லாம் எடுத்து வைத்து, "பார்ட்டி பேரு, தேதியெல்லாம் நாங்க நெரப்பிக்கிறோம், உங்கள எதுக்குண்ணே ஆர்டிஓ ஆபீஸுக்கு அலைய வைக்கணும்" என்றார். வெறும் ஃபாரத்தில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். ஆர்.சி., இரண்டு சாவி, இன்சூரன்ஸ் எல்லாம் கொடுத்தேன். படித்தவன்தான் நான்.

செக் தேதிக்கு முதல் நாள் ஃபோன் செய்தார். "அண்ணே, ரெண்டு நாள் பொறுத்துப் போடுங்க, கணக்குல இன்னொரு வரவு இருக்கு." சரி என்றேன். ரெண்டு நாள் ஒரு வாரம் ஆனது. அப்புறம் பார்ட்னர் பெங்களூரில் இருக்கிறார். அப்புறம் வெள்ளிக்கிழமை, கடையில் பணம் வெளியே தருவதில்லை. அப்புறம் ஆடி பிறந்துவிட்டது, ஆவணி பிறக்கட்டும். இதற்கிடையில் "அண்ணே" போய் "சார்" ஆகியிருந்தேன். ஆவணி பிறந்ததும் நேரில் போனேன். வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான். "ஏங்க, ஓனர் இல்லாதப்ப வந்து நின்னா நான் என்ன பண்றது?" என்றான். மல்லிகைப்பூ மட்டும் புதிதாக இருந்தது.

அன்றே செக்கைப் போட்டேன். கணக்கில் பணமில்லை என்று திரும்பி வந்தது. செக்குக்கு உயிர் மூன்று மாதம்தான், அதைத் தாண்டட்டும் என்றுதான் ஆடி, ஆவணி என்று இழுத்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டேஷனுக்குப் போனால், "செக் வாங்கியிருக்கீங்க, கோர்ட்டுல பாத்துக்குங்க" என்றார்கள். மனு ரசீது கூடத் தரவில்லை.

இப்போது இந்தச் சலான். அதிலிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளை வண்டிக்குச் செங்கல் சிவப்பு அடித்து, மேலே நாலு விளக்கு கட்டியிருக்கிறார்கள். அப்பா கையில் அறுபதைத் தாண்டாத வண்டி!

ஆப்பில் பார்த்தால் ஆர்.சி. இன்னும் என் பேரில்தான் இருக்கிறது. வக்கீலாக இருக்கும் என் மாமா பையன் சொன்னதைக் கேட்டு வயிறு கலங்கிவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறதாம்: வண்டி கை மாறினாலும் ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. இன்சூரன்ஸ் நவம்பரில் முடிகிறது. அதற்குப் பிறகு அந்தச் சிவப்பு வண்டி யார் மேலாவது ஏறினால்? 1,85,000 போனதை விட இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

விற்பவர்களுக்கு விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. வெறும் ஃபாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். படிவம் 29 என்பது விற்றவர் கொடுக்க வேண்டிய தகவல், மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்களே ஆர்டிஓ ஆபீஸில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வண்டியை ஒப்படைக்கும்போது எழுதும் டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் எழுதி, எடுப்பவரின் ஆதார் காப்பியை வாங்குங்கள். முழுப்பணமும் கணக்கில் ஏறாமல் சாவி கொடுக்காதீர்கள், செக் பணமில்லை. வண்டியைப் புகழ்கிறவனிடம் இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதை.

செக் திரும்பிய மெமோ வந்ததிலிருந்து 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இன்றோடு 19 நாள் போய்விட்டது. நாளைக் காலை மாமா பையன் வீட்டுக்குப் போகிறேன், அங்கிருந்து ஆர்டிஓ ஆபீஸ். பாலக்காடு, பொள்ளாச்சி பக்கம் இருப்பவர்கள் சிவப்பு அடித்த 206 எதையாவது பார்த்தால் டேஷ்போர்டு டப்பாவைத் திறந்து பாருங்கள். மூடியின் உள்பக்கம் பெயிண்டில் எழுதிய தேதி வரிசை இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.