முதல் இழுப்பு கனம்தான், ஆனாலும் என் ஓட்டு டபுள் ஆக்‌ஷனுக்கே

கைத்துப்பாக்கியின் விசை (ட்ரிகர்) வேலை செய்யும் மூன்று வகையையும் பயிற்சிக் களத்தில் சுட்டுப் பார்த்துவிட்டு, டபுள் ஆக்‌ஷனில் தொடங்கி சிங்கிள் ஆக்‌ஷனுக்கு மாறும் சிக் சாவர் பி226-ஐ வாங்கினேன்.

1911 போன்ற சிங்கிள் ஆக்‌ஷனில் அடித்துத் தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல் முன்பே பின்னால் ஏறி நிற்கும். அதை விடுவிப்பது மட்டுமே விசையின் வேலை. இழுப்பு குட்டையாக, சுத்தமாக இருக்கும். குறி பார்த்துச் சுட இதை அடிக்க ஆளில்லை. ஆனால் பாதுகாப்புப் பூட்டான சேஃப்டியைத் தள்ளும் பழக்கம் கட்டைவிரலில் ஊற வேண்டும். நான் இதில் அதிகம் சுட்டதில்லை, அதனால் இதோடு விடுகிறேன்.

ஸ்ட்ரைக்கர் வகைக்கு 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட குளோக் 17 நல்ல உதாரணம். வெளியே சுத்தியல் கிடையாது; உள்ளே இருக்கும் ஸ்ட்ரைக்கர் என்ற ஊசிதான் தோட்டாவை அடிக்கும். முதல் தோட்டாவுக்கும் கடைசித் தோட்டாவுக்கும் ஒரே இழுப்பு, ஏறக்குறைய 2.5 கிலோ. புதிதாகக் கற்பவருக்கு இதுதான் எளிது.

பி226-ல் முதல் இழுப்பு சுத்தியலை ஏற்றி விழவும் வைக்கிறது; இதுதான் டபுள் ஆக்‌ஷன். அதற்குச் சுமார் 4.5 கிலோ வேண்டும். அப்புறம் சுடும்போது பின்னால் நகரும் மேல்பாகமான ஸ்லைடே சுத்தியலை ஏற்றிவிடுவதால் 2 கிலோ போதும். இந்த மாற்றம்தான் இதன் மேலுள்ள பெரிய புகார். எனக்கும் முதல் சில வாரங்கள் முதல் குண்டு மட்டும் இடப்பக்கம் கீழே போய் விழுந்தது.

சரி, பிறகு ஏன் இது? தோட்டா இல்லாமல் பழகுவதற்காக. விரல் பதமாவது பெரும்பாலும் அப்படித்தான். குளோக்கில் ஒருமுறை ‘டிக்’ என்றதும் ஸ்லைடை இழுத்தால்தான் விசை மீண்டும் வேலை செய்யும். ஒவ்வொரு தடவையும் பிடி கலைகிறது. பி226-ல் பிடியை அசைக்காமல் இழுத்துக்கொண்டே இருக்கலாம். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கியில் தோட்டா நிற்கும் இடம் காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ஸ்லைடின் முனையில் ஒரு நாணயத்தை வைப்பேன். அது விழாமல் அந்த நீண்ட இழுப்பை முடிக்க வேண்டும். ஆரம்பத்தில் பத்துக்கு எட்டு தடவை விழுந்தது. அது நின்றபோது, களத்தில் முதல் குண்டும் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.

உறையில் வைக்கும்போது கட்டைவிரலைச் சுத்தியல் மேல் வைத்துக்கொள்ளலாம். விசையில் எதுவாவது சிக்கினால் சுத்தியல் எழுவது விரலுக்கே தெரியும். ஆனால் அதற்குமுன், ஏறிய சுத்தியலைச் சுடாமல் இறக்கும் நெம்புகோலான டீகாக்கரை அழுத்த மறக்கவே கூடாது.

கை சிறியவர்கள், வாங்குமுன் சுத்தியலை இறக்கிவிட்டுப் பிடித்துப் பாருங்கள். அப்போது விசை நன்றாக முன்னால் நிற்கும். ஏற்றிய நிலையில் விரல் எட்டுகிறதே என்று நம்பி வாங்கினால் முதல் இழுப்பில் திணறுவீர்கள்.