கியர்பாக்ஸை இறக்காமலே கிளட்ச் பிளேட் மாற்றிய ஒர்க்‌ஷாப்

பழைய மாருதி 800 வைத்திருக்கிற திருநெல்வேலிக்காரர்கள், கிளட்ச் வேலைக்கு வண்டியை விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அப்பாவுக்கு நடந்தது. புகார் கொடுக்கப் போவதால் பெயரைப் போடவில்லை.

வண்டி 2004 மாடல். ஸ்டார்ட் பண்ணி ரிவர்ஸ் போட்டால் ‘கர்ர்ர்’ என்று அரைக்கும். கிளட்சை முழுக்க மிதித்தாலும் முதல் கியர் விழ அடம்பிடிக்கும். இன்ஜினை அணைத்துவிட்டுப் போட்டால் அந்தச் சத்தமும் இல்லை, முரண்டும் இல்லை. பெடலை விடும்போது, கால் தரையை விட்டு லேசாக எழும்பியதுமே வண்டி நகரும்.

“பிளேட் முடிஞ்சுபோச்சு சார், பாக்ஸ இறக்கி செட்டா மாத்திருவோம்” என்றார்கள். நான் அப்போது ஊரில் இல்லை. அப்பா சரி என்றிருக்கிறார். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கியர் ஆயில், கூலி என்று எட்டாயிரத்துச் சொச்சம் பில். ரிவெட் வரை தேய்ந்த ஒரு பழைய பிளேட்டையும் கையில் கொடுத்துக் காட்டினார்களாம்.

சில வாரம் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு சாயங்காலம் ஈரடுக்கு மேம்பாலம் ஏறும்போது பெடல் பொசுக்கென்று உள்ளே போனது, திரும்பி வரவேயில்லை. பெடலையும் கிளட்சையும் இணைக்கிற கேபிள் அறுந்துவிட்டது. பின்னால் நின்ற பஸ்காரர் அடித்த ஹாரனை அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மேலப்பாளையத்தில் பழைய வண்டிகளாகவே பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் கட்டி இழுத்துப் போனோம். அடியில் படுத்து டார்ச் அடித்தவர், “அண்ணாச்சி, இங்க வந்து பாருங்க. இந்த பாக்ஸ எவனும் தொட்டதே இல்ல” என்றார். பிளேட்டை எடுக்க வேண்டுமென்றால் கழற்றியே ஆக வேண்டிய, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்து போல்ட்டுகள் மேல் ஆயிலும் மண்ணும் கலந்து கருப்பாகக் காய்ந்து அப்பியிருந்தது. ஒரு போல்ட்டின் தலையில்கூட ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. ஆயில் வடிக்கிற பிளக்கிலும் அதே அழுக்கு. பளபளவென்று இருந்தது ஒரே இடம்தான்: கேபிள் முனையில் இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் நட். அதை மரையின் கடைசி வரை முறுக்கிவிட்டிருந்தார்கள். இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்த கேபிளை இன்னும் இழுத்துக் கட்டி, அதற்கு எட்டாயிரம். அழுக்கைத் துடைப்பதற்குள் படம் எடுத்துக்கொண்டேன்.

வண்டி காட்டிய அறிகுறியே அவர்கள் சொன்னதற்கு நேர் எதிரானது. கேபிள் கிளட்ச் வண்டியில் பிளேட் தேயத் தேய பெடலின் ஃப்ரீ பிளே (கிளட்ச் அசைவதற்கு முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) குறையும், பெடல் மேலே வந்த பிறகுதான் பிடிக்கும். முற்றினால் ஸ்லிப் ஆகும், அதாவது ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் கத்தும், வேகம் ஏறாது. கேபிள் நீண்டுபோனால் ஃப்ரீ பிளே கூடும், தரையோடு தரையாகப் பிடிக்கும். கிளட்ச் முழுசாக விலகாததால் கியர் அரைக்கும். ரிவர்ஸில் சின்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தி அரைக்காமல் சேர்க்கும் பாகம்) கிடையாது என்பதால் முதலில் அங்கேதான் சத்தம் வரும். கிளட்சை மிதித்து நாலைந்து விநாடி பொறுத்துப் போட்டும் அரைத்தால் கிளட்ச் விலகவில்லை என்று அர்த்தம். ஆக, தரையோடு பிடிக்கிற வண்டியைப் பார்த்து, கேபிளைத் தொட்டும் பார்க்காமல் “பிளேட் போச்சு” என்று ஒருவர் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிளேட்டைச் சோதிக்க மேலப்பாளையத்துக்காரர் செய்தது இதுதான். புது கேபிள் போட்டதும், முன்னால் ஆளில்லாத இடத்தில் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விட்டார். இன்ஜின் உடனே அணைந்துவிட்டது. பிளேட் தேய்ந்து வழுக்கினால் அது அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும். அப்பாவுக்குக் காட்டிய பிளேட் எந்த வண்டியுடையதோ, எங்களுடையது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

கியர் ராடு கஞ்சிக்குள் விட்ட கரண்டி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது தனிக் கதை. முதல் கியரைத் தேடினால் மூன்று விழும். அதற்கு அந்த ஒர்க்‌ஷாப்பில் “அடுத்த தடவை சின்க்ரோ மாத்தணும்” என்று தூண்டில் போட்டு வைத்திருந்தார்கள். இன்ஜினை அணைத்த பிறகும் ராடு அதே ஆட்டம் ஆடினால் முதலில் லிங்கேஜைத்தான் பார்க்க வேண்டும். கியர் ராடிலிருந்து பாக்ஸுக்குப் போகும் கம்பியின் மூட்டில் ஆட்டம் இல்லாமல் பிடிக்கிற புஷ் என்ற சின்ன வளையம் பொடிந்து போயிருந்தது. சில நூறு ரூபாய் சாமான். பாக்ஸை இறக்காமலே மாற்றிவிட்டார். 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றாலும் இதெல்லாம் இன்றும் எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கிறது.

வேலைக்கு விடும்போது பாக்ஸ் போல்ட் இரண்டில் பெயின்ட் கோடு போட்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றினால் கோடு விலகியிருக்கும். வண்டி நம்பர், மாற்றிய பாகம் எல்லாம் எழுதி, கையெழுத்தோடு பில் கேளுங்கள். எங்களிடம் அது இருந்ததால்தான் பிடி கிடைத்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

படங்களைக் காட்டியதும் ஓனர், “பழச அப்பவே காமிச்சோமே சார்” என்றார். நேற்று பாதிப் பணத்தோடு ஆள் அனுப்பினார். முழுப் பணத்தோடு பில்லில் கையெழுத்துப் போட்டவரே வரட்டும் என்று அப்பா திருப்பி அனுப்பிவிட்டார்.