4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு பசை ஒட்டிக் கொடுத்த சர்வீஸ் கடை: ஹாம் நண்பர்கள் உஷார்

நேற்று ராத்திரி என் ஹாம் செட்டை, அதாவது லைசன்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசுகிற வயர்லெஸ் ரேடியோவை, திறந்து பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடைப் பெயர் போடவில்லை. பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம், செல்போன், டிவி போர்டு, ஆம்ப்ளிஃபையர் என்று எல்லாம் பார்க்கிற சர்வீஸ் கடை, அவ்வளவுதான். இந்த மாதிரி இடத்தில் செட்டைக் கொடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது எஃப்டி-817 என்ற மாடல். 5 வாட் செட், தோளில் மாட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். உள்ளே பேட்டரி போடலாம், வெளியிலிருந்து 13.8 வோல்ட்டும் கொடுக்கலாம். அந்த வெளி சப்ளைக்கான ஜாக் ரொம்பக் குட்டி, 4 மில்லிமீட்டர் பிளக்தான் நுழையும். வழக்கமான அடாப்டர் பிளக் அதில் போகாது. கேபிளை யாராவது இடறினால் முழு இழுப்பும் ஜாக்கின் சால்டர் மேல்தான் விழும். எங்கள் வீட்டில் இடறியது பெரியவனின் கிரிக்கெட் மட்டை. ஒயரை ஒரு பக்கமாகத் திருகிப் பிடித்தால் டிஸ்ப்ளே எரியும், விட்டால் அணையும்.

மழைக்கு முன்னால் சரிசெய்துவிட வேண்டும் என்று அவசரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்டும் இல்லாமல் செல்போன் சிக்னலும் இல்லாமல் வடசென்னையில் எப்படிக் கிடந்தோம் என்று மறந்துவிடவில்லை.

கடைக்காரர் லென்ஸை மாட்டிக்கொண்டு ஜாக்கைப் பார்த்தார். சின்ன பிரஷ்ஷால் தூசியைத் தட்டினார். "ஹாம் செட்டாச்சேண்ணே இது! காசிமேட்டு போட்டுல இருக்கற விஎச்எஃப் செட்டெல்லாம் நம்மகிட்டதான் வருது" என்றார். எனக்கு டீ வேறு வரவழைத்தார். இதற்கப்புறம் யாருக்குச் சந்தேகம் வரும்? "ஜாக் மட்டும் இல்லண்ணே, பவர் ஐசியும் அடிச்சிருக்கு. இந்த ஜாக் இங்க கிடைக்காது, சிங்கப்பூர்லேர்ந்து வரணும்." மொத்தம் 4,800 ரூபாய், முழுசும் முன்பணம். ஜிபேயில் அனுப்பினேன். பில் என்று வந்தது ஒரு துண்டுச் சீட்டு, அதில் "ரேடியோ ரிப்பேர்" என்று மட்டும் கிறுக்கல்.

திரும்பத் தரும்போது கடையிலேயே போட்டுக் காட்டினார். ஏஎம்மில் சென்னை வானொலி பாடியது. "பளிச்சுனு கேக்குது பாருங்கண்ணே." கேட்கத்தான் செய்யும். கேட்கும்போது இந்த செட் அரை ஆம்பியர்கூட இழுக்காது. பேசும்போதுதான் 2 ஆம்பியர் பக்கம் போகும். மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டி, பேசுவதற்கான பட்டனை (பிடிடி) அழுத்தினேன். செட் செத்துப்போனது. விரலை எடுத்தால் உயிர் வரும், அழுத்தினால் போகும்.

திறந்து பார்த்தால், ஜாக்கைச் சுற்றி வெள்ளையாகக் க்ளூகன் பசை, கொழுக்கட்டை மாதிரி. பசையைச் சுரண்டினால் உள்ளே இருப்பது அதே பழைய ஜாக்! ஓரத்தில் கீறல் விட்டிருந்த பிளாஸ்டிக் அப்படியே இருக்கிறது. ஒரு கால் போர்டைத் தொடவே இல்லை. அதற்குப் பதில் ஹெட்போன் கேபிளிலிருந்து உருவின மாதிரி ஒரு மெல்லிய ஒயர். 2 ஆம்பியர் அதில் போனால் வோல்டேஜ் படுக்காமல் என்ன செய்யும்? ஐசியை எவனும் தொட்டதாகவே தெரியவில்லை, ஒரு இடத்தில்கூடப் புது சால்டர் இல்லை. 4,800 ரூபாய்க்கு ஒரு துண்டுப் பசை. புது ஜாக்கே நூறு ரூபாய்க்குள் முடிகிற சமாச்சாரம்.

போன் செய்தால் முதலில் "மெக்கானிக் ஊருக்குப் போயிருக்காருண்ணே". அப்புறம் "உங்க பேட்டரி வீக்கா இருக்கும்". நேரில் போய் பேட்டரியையே மேஜை மேல் வைத்து மீட்டரில் 13 வோல்ட் காட்டினேன். "நீங்க செட்டைத் திறந்துட்டீங்க, வாரன்ட்டி போச்சு" என்றார். சீட்டில் வாரன்ட்டி என்ற வார்த்தையே கிடையாது, எது போனதாம்? அண்ணே அண்ணே என்று டீ வாங்கிக் கொடுத்த ஆள் இப்போது "சார், கஸ்டமர் வெயிட் பண்றாங்க, நகருங்க" என்கிறார். காசிமேட்டுப் படகுக்காரர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது, கடலில் அந்த செட்டை நம்பிப் போகிறவர்கள்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கொடுப்பதற்கு முன்னால் ஜாக்கையும் போர்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். முழுப் பணமும் முதலிலேயே கொடுக்காதீர்கள். வானொலி பாடுகிறது என்று கிளம்பிவிடாமல், லைசன்ஸ் உங்களிடம்தானே இருக்கிறது, ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டுகிற டம்மி லோடு கொண்டுபோய் மாட்டி நீங்களே அழுத்திப் பாருங்கள். ஜாக் ஆடினால் அதைத் திருகித் திருகி ஓட்டாமல், சரியாகும் வரை உள்ளே எட்டு டபுள்ஏ பேட்டரி போட்டு ஓட்டுங்கள்.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுக்கப்போகிறேன். 4,800 ரூபாய் போன ஜிபே ரசீது இருக்கிறது, பசையோடு எடுத்த போட்டோவும் இருக்கிறது. மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது.

எஃப்டி-817-க்குச் சரியான ஜாக் யாரிடமாவது கையிருப்பில் இருந்தால் சொல்லுங்கள். பெரம்பூரோ மாதவரமோ, வந்து வாங்கிக்கொள்கிறேன். சால்டரை நானே வைத்துக்கொள்வேன்.