யானைக் காது கார் சீட்: நாங்கள் ஏமாந்த கதை

பிள்ளைக்குக் கார் சீட் வாங்கப் போகும் அப்பா அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைக்கு இரண்டு பக்கமும் யானைக் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மெத்தை இறக்கைகளைப் பார்த்ததும் பணத்தை எண்ணி வைத்துவிடாதீர்கள். பிள்ளையையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். சீட்டில் உட்கார வைத்து அரை மணி நேரம் அதன் போக்கில் விட்டுப் பாருங்கள். நான் அதைச் செய்யாமல் 11,800 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நாங்கள் இருப்பது கோயம்புத்தூர். அம்மா வீடு சேலம். மாதம் ஒரு தடவையாவது போய் வருவோம். மகளுக்கு நாலு வயது, எடை பதினைந்தரைக் கிலோ. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போன வருடம் வரை அவள் என் மடியில்தான் உட்கார்ந்து வந்தாள். அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ஒருவரின் காரை நாற்சந்தியில் ஒரு வேன் பக்கவாட்டில் வந்து இடித்தது. யாருக்கும் பெரிதாக அடியில்லை. ஆனால் பின்கதவு எவ்வளவு தூரம் உள்ளே வந்திருந்தது என்று பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. முன்னால் இடித்தால் நசுங்குவதற்கு பானெட், எஞ்சின் என்று கொஞ்சம் நீளம் இருக்கிறது. பக்கத்தில் என்ன இருக்கிறது? ஒரு கதவு, ஒரு கண்ணாடி, ஒரு சாண் தள்ளிப் பிள்ளையின் தலை.

இந்தப் பயத்தோடுதான் கடைக்குப் போனேன். அதை அவர்கள் முதல் நிமிடத்திலேயே மோப்பம் பிடித்துவிட்டார்கள்.

கடையின் பெயர் இங்கே வேண்டாம். குழந்தைச் சாமான்கள் மட்டுமே விற்கும் பெரிய கடை. விற்பனைக்கு நின்ற தம்பி நன்றாகத்தான் பேசினார். "சைடுல இடிச்சா என்னாகும்?" என்று நான் கேட்டதுமே, மேடைமேல் வைத்திருந்த ஒரு சீட்டின் இறக்கையில் முஷ்டியால் இரண்டு குத்து விட்டார். "பாருங்கக்கா, எவ்வளவு திக்குன்னு. சைடு இம்பாக்ட் சர்டிஃபைடுங்க. பாப்பா தலைக்கு ஒண்ணும் ஆகாது." அட்டைப் பெட்டியிலும் இறக்கையில் அம்புக்குறிகள் மோதிச் சிதறுவது போலப் படம். போதாக்குறைக்கு, "போலீஸ் புடிச்சா ஆயிரம் ரூபா ஃபைனுங்க" என்று இன்னொரு பயத்தையும் காட்டினார். அது நிஜம்தான். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்த 194பி பிரிவு, பதினாலு வயது நிரம்பாத பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ போடாமல் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. அன்றைக்கு அவர் சொன்னதில் முழு உண்மை அது ஒன்றுதான்.

"இதாங்க கடைசி பீஸ்" என்று மேடையிலிருந்த அதே சீட்டைத் தூக்கி வந்து, காரில் அவரே பொருத்திக் கொடுத்தார். பின்சீட்டில் காரின் ஹெட்ரெஸ்ட் துருத்திக்கொண்டிருந்ததால் குழந்தை சீட்டின் முதுகு ஒட்டவில்லை. நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. கேட்டதற்கு, "அது அப்படித்தாங்க இருக்கும்" என்றார். இறக்கைகளை ஆகக் கீழே இறக்கி வைத்தார். காரின் பெல்ட்டையே குறுக்கே இழுத்து மாட்டிக் காட்டி, "நாலு வயசாயிட்டா இதே போதுங்கக்கா" என்று முடித்துவிட்டார். பாப்பா அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். யாருக்கு வாங்குகிறோமோ அந்த ஆள் இல்லாமலே எல்லாம் முடிந்தது.

அடுத்த ஞாயிறு சேலம் கிளம்பினோம். வீட்டுக்காரர் ஓட்ட, நான் பின்னால் பாப்பா பக்கத்தில். அவினாசி தாண்டுவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. சாய்ந்து உட்கார்ந்தால் அவளுக்கு இரண்டு பக்கமும் கறுப்பு மெத்தைதான் தெரிகிறது. வண்டிக் குதிரைக்குக் கண்பட்டை கட்டியது போல, நேரே அப்பா சீட்டின் முதுகு மட்டும். நாலு வயதுப் பிள்ளை அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்? முதுகை எடுத்து, இறக்கைக்கு வெளியே தலையை நீட்டி லாரி எண்ண ஆரம்பித்தாள். "சாஞ்சு உக்காரு கண்ணு" என்றால் ஒரு நிமிடம் சாய்வாள். மறுபடி ஆமை மாதிரி தலை வெளியே வந்துவிடும். விஜயமங்கலம் டோல்கேட்டில் திரும்பிப் பார்க்கிறேன், தோள்மேல் கிடக்க வேண்டிய பெல்ட் நழுவி முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பெருந்துறை தாண்டித் தூங்கிப் போனாள். அப்போதாவது இறக்கையில் தலையைச் சாய்ப்பாள் என்று நினைத்தேன். சீட் நெட்டுக்குத்தாக நின்றதால் தலை பக்கவாட்டில் சாயவே இல்லை. முன்னால் தொங்கி, முகவாய் நெஞ்சில் இடித்தது. சங்ககிரி மலைக்கோட்டை கண்ணில் படும் வரை அவள் நெற்றியை என் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டே வந்தேன். அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய சீட்டுக்கு என் கைதான் இறக்கை.

திரும்பி வரும்போது ஃபோனை முன்சீட்டின் பின்புறத்தில் மாட்டி நாற்பது நிமிடம் வீடியோ எடுத்தேன். ராத்திரி இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு இறக்கைக்கும் நடுவில், பின்னால் ஒட்டித் தலை இருந்த நேரத்தைக் கூட்டினால் பத்து நிமிடம் தேறவில்லை.

என் பிள்ளைதான் அடங்காதவளோ என்று முதலில் நினைத்தேன். அப்புறம் தேடிப் படித்தபோது, 2010இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எங்கள் வீட்டுக் கதையைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை இரண்டு விதமான பூஸ்டர் சீட்டுகளில் (பிள்ளையை உயர்த்தி உட்கார வைத்து, கார் பெல்ட்டையே போடும் சீட்) மாற்றி மாற்றி உட்கார வைத்து, பெற்றோர் கார் ஓட்ட, கேமராவில் பதிந்திருக்கிறார்கள். ஒரு சீட்டில் தலைக்கும் உடம்புக்கும் பெரிய பக்கத் தடுப்பு. இன்னொன்றில் தலைக்கு மட்டும், அதுவும் சின்னதாக. சின்ன இறக்கை சீட்டில் பிள்ளைகளின் தோள் பயண நேரத்தில் சராசரியாக 75 சதவீதம் சீட்டின் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. பெரிய இறக்கை சீட்டில் 45 சதவீதம்தான். தலையோ, இரண்டு சீட்டிலுமே பாதிக்கு மேற்பட்ட நேரம் இறக்கையின் முன்விளிம்பைத் தாண்டி வெளியேதான் இருந்திருக்கிறது. மொத்தம் ஆறே பிள்ளைகள், சின்ன ஆய்வுதான். ஏழாவதாக என் மகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இறக்கையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தலை அதற்குள் இருந்தால் கதவுக்கும் தலைக்கும் நடுவில் நிற்கப்போவது அதுதான். ஆனால் மோதல் சோதனைக்கூடத்தில் பிள்ளைக்குப் பதிலாக உட்கார வைக்கும் பொம்மை, வைத்த இடத்தில் முதுகு ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதற்கு ஜன்னல் வழியாக ஆடு மாடு பார்க்கும் ஆசை கிடையாது. முன்னால் குனிந்திருக்கும் பிள்ளைக்குப் பக்கவாட்டு மோதலில் வெறும் கண்ணாடிதான் துணை. நேராக இடித்தாலும் முன்சீட்டுக்கும் தலைக்கும் இருக்கும் தூரம் குறைந்துவிடுகிறது.

அந்த "சர்டிஃபைடு" கதையையும் பார்த்துவிடுவோம். சீட்டின் பின்புறம் ஒரு ஆரஞ்சு ஸ்டிக்கர் இருந்தது. அதில் ஆர்44/04 என்று போட்டு, 9 முதல் 36 கிலோ என்று எழுதியிருந்தது. ஆர்44 ஐரோப்பாவின் பழைய விதி. அதில் முன்பக்க மோதலுக்குச் சோதனை உண்டு, பக்கவாட்டு மோதலுக்குச் சோதனையே இல்லை. அது வந்தது 2013இல் நடைமுறைக்கு வந்த ஆர்129இல், ஐ-சைஸ் என்கிறார்களே, அதில்தான். ஆர்129 ஸ்டிக்கரில் கிலோவுக்குப் பதிலாகக் குழந்தையின் உயரம் சென்டிமீட்டரில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பரிலிருந்து கடைகளில் ஆர்44 சீட்டுகளை விற்கவே கூடாது. அதற்காக ஆர்44 என்றாலே மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு பக்கவாட்டு மோதலுக்குச் சான்றிதழ் வாங்கியது என்று சொன்னால், அது பொய்.

ஸ்டிக்கரைப் படித்த கையோடு கையேட்டையும் பிரித்தேன். அங்கேதான் பெரிய அதிர்ச்சி. 9 முதல் 18 கிலோ வரை சீட்டோடு வரும் ஐந்து முனை பெல்ட்டை (இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால் நடுவில் ஒன்று என்று கட்டுவது) போட வேண்டும், 15 கிலோவுக்கு மேல் கார் பெல்ட்டையும் போடலாம் என்று படம் போட்டிருந்தது. ஐந்து முனை பெல்ட்டா? எங்கள் சீட்டில் அது வர வேண்டிய துளைகள் மட்டும் இருந்தன, பெல்ட் இல்லை. மெத்தையைக் கழற்றிப் பார்த்தோம். மடிப்புகளில் பிஸ்கட் தூள்! மேடையில் வைத்து வருகிற பிள்ளைகளையெல்லாம் உட்கார வைத்துக் காட்டிய சீட். எப்போதோ பெல்ட்டைத் தொலைத்திருக்கிறார்கள். "நாலு வயசாயிட்டா இதே போதும்" என்பதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. இவள் எடைக்கு ஐந்து முனை பெல்ட், கார் பெல்ட் இரண்டுமே விதிப்படி சரி என்பது வாஸ்தவம். ஆனால் ஐந்து முனை பெல்ட் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் முன்னால் வந்திருக்க முடியாது. இறக்கையில் குத்திக் குத்திக் காட்டியதில், பெல்ட் எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

கடைக்குப் போனோம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் இருந்த வரியை முதலாளி விரலால் தட்டிக் காட்டினார். வீடியோவைக் காட்டினேன். "பாப்பா சேட்டை பண்ணுச்சுன்னா சீட்டு என்னங்க பண்ணும்?" என்றார். பணம் போனதைவிட அந்த வார்த்தைதான் இன்னும் எரிகிறது. கடைசியில், அடுத்த தடவை வாங்கும்போது இரண்டாயிரம் குறைத்துத் தருவதாகச் சொன்னார். அடுத்த தடவையா!

பில்லில் அப்படி அச்சடித்துவிட்டால் கதை முடிந்தது என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டு, பில், கையேட்டுப் பக்கம், துளைகளின் புகைப்படம் எல்லாம் கொடுத்தேன். அதற்கப்புறம் கடையிலிருந்தே ஃபோன் வந்தது. பெல்ட்டைக் கம்பெனியிலிருந்து வரவழைத்துத் தருகிறார்களாம். ஐந்து வாரமாக வந்துகொண்டே இருக்கிறது. பணமாகவே வேண்டும் என்று மறுபடி எழுதியிருக்கிறேன்.

இடையில் சும்மா இருக்க முடியாதே. அண்ணன் மகன் உட்கார்ந்து வளர்ந்த சீட் ஒன்று அவர்கள் வீட்டில் இருந்தது. எந்த விபத்திலும் மாட்டாதது என்று எங்களுக்கே தெரியும் என்பதால்தான் வாங்கிக்கொண்டேன், முகம் தெரியாதவரிடம் என்றால் பழையதைத் தொட்டிருக்க மாட்டேன். இறக்கை சின்னது, பெல்ட் ஐந்து முனையும் இருக்கிறது. காரின் ஹெட்ரெஸ்ட்டைப் பொத்தானை அழுத்திக் கழற்றி எடுத்தோம். முதுகு ஒட்டிக்கொண்டது, சீட்டும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தது. இப்போது தூங்கினால் தலை பக்கத்தில் சாய்கிறது, விழித்திருந்தால் சாய்ந்தபடியே ஜன்னலைப் பார்க்கிறாள்.

யானைக் காது சீட் ஹாலில் கிடக்கிறது. பாப்பா அதில் ஏறி டிவி பார்க்கிறாள். டிவி நேர் எதிரே இருப்பதால், முதுகு ஒட்டி, தலை இரண்டு இறக்கைக்கும் நடுவில், ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.