மைக்காவுக்குள்ளே என்ன பலகை என்று பார்க்காமல் கிச்சன் வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள்

அளவான பணத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிச்சன் கப்போர்டும் அலமாரியும் செய்யக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். நாங்கள் 1,60,000 ரூபாய் கொடுத்துச் செய்த வேலை, ஏழே மாதத்தில், குழாய் லேசாகச் சொட்டியதும் ஊறி உப்பிப் போனது.

2024 தொடக்கத்தில் அம்பத்தூரில் ஒரு பழைய ஃப்ளாட் வாங்கினோம். இரண்டு படுக்கையறை, 640 சதுர அடி. வங்கிக் கடன் போக நாங்கள் போட வேண்டிய பணம், பத்திரச் செலவு எல்லாம் கொடுத்து முடித்தபோது வீட்டை ஒழுங்குபடுத்த மிச்சமிருந்தது இரண்டு லட்சம். என் வளையல்கள் அடகில் இருந்த நேரம். கட்டில், சாப்பாட்டு மேசை, திரைச்சீலை எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி இன்டீரியர் வேலை எடுத்துச் செய்பவர் வந்தார். பெயர் சொல்ல விரும்பவில்லை. பையிலிருந்து உள்ளங்கை அளவு ப்ளைவுட் துண்டு ஒன்றை எடுத்தார். அதில் ஐஎஸ்ஐ முத்திரையும் 710 என்ற எண்ணும் இருந்தன. "மேடம், இது மரைன் ப்ளை, தண்ணி தாங்கும். ஒரு வாளி தண்ணி குடுங்க" என்று கேட்டு, அந்தத் துண்டை வாளியில் போட்டுவிட்டு அளவெடுக்கத் தொடங்கினார். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துக் காட்டியபோது துண்டு அப்படியே இருந்தது. எங்களுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. அந்தப் பலகையை நாங்கள் கடைசியாகப் பார்த்தது அந்த வாளியில்தான்.

எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தச் சமையலறையில் மேடைக்குக் கீழே முழுக்கக் கடப்பா கல் தட்டுகள் இருந்தன. கட்டிடம் கட்டியபோதே பதித்தவை, ஒரு கீறல் கிடையாது. "இதெல்லாம் உடைச்சிடலாம் சார், பாக்ஸ் வெச்சாத்தான் மாடுலர் லுக் வரும்" என்றார். அம்மா கேட்டார்: "கல்லை எதுக்குடி உடைக்கிற? கதவு மட்டும் போட்டா போதாதா?" நான்தான் அம்மாவைச் சும்மா இருக்கச் சொன்னேன். உடைப்புக் கூலி என்று தனியாக 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, உடையாமல் வந்த நான்கு பலகைக் கற்களையும் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்.

கடப்பா தண்ணீரில் ஊறாது, கரையான் அரிக்காது. அந்தத் தட்டுகளை வைத்துக்கொண்டு முன்னால் கதவு மட்டும் போட்டிருந்தால், பக்கம், அடி, முதுகு, தட்டு என்று பெட்டி செய்கிற பலகைச் செலவே இருந்திருக்காது. சதுர அடிக் கணக்கில் வேலை எடுப்பவருக்கு அதில் லாபம் இல்லை. பழைய வீடு வாங்குகிறவர்கள் கடப்பாவை உடைக்கச் சொல்லும் ஆளிடம் 'ஏன்' என்று இரண்டு முறை கேளுங்கள்.

சரி, கணக்குக்கு வருகிறேன். கிச்சன் 92 சதுர அடி, படுக்கையறை அலமாரி 42 சதுர அடி, சதுர அடிக்கு 1,250 ரூபாய் என்று 1,67,500 போட்டார். "பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி 18 பர்சென்ட் உங்களுக்கு மிச்சம். ரவுண்டா ஒன்னு அறுபது குடுங்க" என்றார். கை இறுக்கமாக இருந்ததால் ஒப்புக்கொண்டோம். நாங்கள் செய்த பெரிய தவறு இதுதான். எஸ்டிமேட் என்று வாட்ஸ்அப்பில் வந்த தாளில் 'ப்ளை' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தத் தரம், எத்தனை மில்லிமீட்டர் கனம், பலகை மேல் ஒட்டும் மைக்கா எந்த வகை, எதுவும் இல்லை.

முதலில் பாதி, 80,000. பொருள் வந்து இறங்கியதும் 64,000. முடிந்ததும் 16,000. ஏப்ரலில் வேலை முடிந்தது. 'ஃபேக்டரி ஃபினிஷ்' என்பதால் எல்லாம் வெளியிலேயே செய்து, உள்ளும் புறமும் மைக்கா ஒட்டி, ஓரங்களில் பட்டை ஒட்டி, பெட்டி பெட்டியாக வந்தது. வீட்டில் திருகி மாட்டியது மட்டும்தான். பார்க்க அவ்வளவு அழகு. நான் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

நவம்பரில் சிங்க்குக்குக் கீழே கழிவுக்குழாய் இணைப்பில் லேசாகச் சொட்டியது. துணி போட்டுத் துடைத்துவிட்டு பிளம்பரைக் கூப்பிட்டோம். இரண்டு நாளில் சரியாகிவிட்டது, ஆனால் அடிப்பலகை அதற்குள் தோசை மாதிரி மேலே எழும்பியிருந்தது. அடுத்த வாரம் கதவின் கீழ்க்கீல் திருகாணியோடு கழன்று கையில் வந்தது. குழாய்க்காகப் பலகையில் போட்டிருந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தேன். நனைந்த ரஸ்க் போல உதிர்ந்தது. மரத்தூளையும் சில்லுகளையும் பசையில் அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டு. சிங்க் பெட்டி மட்டும் அப்படியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கிச்சன் முழுக்க அதுதான். படுக்கையறை அலமாரியில் கதவு மட்டும் ப்ளைவுட், மற்றதெல்லாம் அதே தூள் பலகை.

பார்ட்டிகிள் போர்டு என்பதே மோசடி என்று சொல்ல மாட்டேன். ஈரம் படாத இடத்தில், அதற்குரிய விலையில், சொல்லி விற்றால் அது நேர்மையான பொருள்தான். புத்தக அலமாரி, மேசை எல்லாம் அதில் வருகின்றன. சமையலறைச் சிங்க்குக்குக் கீழே, மரைன் ப்ளை விலைக்கு, சொல்லாமல் வைத்ததுதான் ஏமாற்று. ஒருமுறை ஊறி உப்பினால் காய்ந்தாலும் அது பழைய கனத்துக்குத் திரும்பாது. திருகாணியும் அதில் மறுபடி பிடிக்காது.

போன் செய்தோம். "மேடம், தண்ணி லீக் விட்டா எந்தப் பலகையும் தாங்காது" என்றார். வாளியில் போட்டுக் காட்டினீர்களே என்றேன். பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார். அதன்பின் எங்கள் எண்ணுக்கு அவர் எடுக்கவே இல்லை.

அப்போதுதான் என் கணவர் டேப் எடுத்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தார். கிச்சன் 76 சதுர அடிதான் வந்தது. வேலை எடுத்தவர் மூலையை இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு முறை கணக்கிட்டிருந்தார். கதவே இல்லாத சிலிண்டர் இடத்துக்கும் காசு. மேடைக் கல்லின் கனத்தையும் உயரத்தில் சேர்த்திருந்தார். 16 சதுர அடி அதிகம், அதாவது 20,000 ரூபாய். அளவெடுக்கும்போது கூடவே நின்று, எதிலிருந்து எதுவரை என்று தாளில் படம் வரைந்து இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

மைக்கா ஒட்டி வந்த பிறகும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. பின்னால் வந்த கார்பெண்டர் அண்ணன் சொல்லித் தந்தார். கதவின் உள்பக்கம் கீல் பொருத்துவதற்கு 35 மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமாகக் குடைந்திருப்பார்கள். இரண்டு திருகாணியைக் கழற்றிக் கீலை எடுத்துவிட்டால் அந்தக் குழியில் மைக்கா கிடையாது, பலகையின் உடம்பு தெரியும். ப்ளைவுட் என்றால் குழியின் சுவரில் அடுக்கு அடுக்காகக் கோடு தெரியும். பார்ட்டிகிள் போர்டு என்றால் சில்லு சில்லாக, எள்ளுருண்டையை வெட்டியது போல இருக்கும். இரண்டாவது தவணை கொடுப்பதற்கு முன் இதைச் செய்திருந்தால் எங்களுக்கு 80,000 ரூபாயாவது தப்பியிருக்கும்.

பலகையை மைக்கா ஒட்டுவதற்கு முன்பே போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது. ஐஎஸ் 303 என்றால் பொது உபயோக ப்ளைவுட், ஐஎஸ் 710 என்றால் மரைன் ப்ளை. முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை, ஐஎஸ்ஐ முத்திரை தரும் அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் எந்த நிறுவனத்தின் உரிமம், இப்போது நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். முத்திரையைப் படம் பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம்.

கப்போர்டுக்குள் வைக்கும் ஸ்டீல் கூடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "304 ஸ்டீல், காந்தம் ஒட்டாது பாருங்க" என்று எங்களிடம் வேலை எடுத்தவர் காந்தம் வைத்துக் காட்டினார். 304-ஐ விட மலிவான, சீக்கிரம் துருப்பிடிக்கிற 202 வகை ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. அதனால் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. எங்கள் கூடைகள் ஆறே மாதத்தில் பற்றவைத்த இடங்களில் துருப்பிடித்தன.

புகாருக்கு முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தோம். பதிவு செய்தார்கள், ஆனால் அந்த ஆள் பதிலே தரவில்லை. பிறகு வழக்கறிஞர் வழியாக நோட்டீஸ் அனுப்பினோம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடவும் முடியும். இதையெல்லாம் விளக்கி, ஆணையத்துக்குப் போகப்போகிறோம் என்று எழுதிய நோட்டீஸ் கையில் கிடைத்த பிறகுதான் அவரே பேச வந்தார்.

பில் இல்லாமல் நாங்கள் எப்படி நிரூபிப்போம் என்று அவர் கேட்டார். எங்களைக் காப்பாற்றியவை இரண்டு. 1,40,000 ரூபாய் யுபிஐ வழியாகப் போயிருந்தது. 'எல்லாமே 710 மரைன் ப்ளைதான் மேடம்' என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவு என் போனில் அழியாமல் இருந்தது. ரொக்கமாகக் கொடுத்த 20,000-ஐ வாங்கவே இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். கடைசியில் 45,000 திருப்பிக் கொடுத்தார். வழக்கை நடத்தி முழுதாக வாங்கியிருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். என் கணவருக்கு இரவு ஷிஃப்ட், எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். நாங்கள் அதோடு முடித்துக்கொண்டோம்.

அந்தப் பணத்தில் கீழ்ப்பகுதியை மட்டும் மாற்றினோம். இந்த முறை ப்ளைவுட் கடைகள் இருக்கும் சைடன்ஹாம்ஸ் ரோட்டுக்கு நாங்களே போய் இரண்டு ஷீட் 710 ப்ளைவுட் பில் போட்டு வாங்கினோம். கார்பெண்டர் அண்ணன் வீட்டிலேயே வைத்து, எங்கள் கண்ணெதிரில் அறுத்து, மைக்கா ஒட்டினார். நாள் கூலிதான், சதுர அடிக் கணக்கு இல்லை. பழைய பெட்டிகளை எடுத்துவிட்டு மறுபடியும் கடப்பா தட்டு வைத்தோம். கொத்தனார் கூலி, கல், பலகை, கீல் எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய். சிங்க்குக்குக் கீழே கதவே போடவில்லை. அம்மா தன் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்துத் திரை தைத்துப் போட்டார். குழாய் சொட்டினால் உடனே தெரிகிறது.

மேல் அலமாரிகளை மாற்றப் பணம் போதவில்லை. அவை இன்னும் அதே தூள் பலகைதான். அவற்றில் பிளாஸ்டிக் டப்பாக்களும் மசாலாப் பொட்டலங்களும் மட்டும் வைத்திருக்கிறோம். குக்கர், இட்லிக் குண்டான், மிக்ஸி எல்லாம் கீழே கடப்பாவின் மேல் இருக்கின்றன.